ஒரு கொலையும் ஒரு கட்டிச் சூடமும்

கோவில்பட்டியில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. நாடகம் என்றால் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். மோட்டாரைக் கொடுத்தவர்கள் என்னை விட்டுவிட்டு, விளாத்திகுளம் பக்கம் மிளகாய் போட்டிருக்கும் என் மாமனாருக்கு போன் போட்டுத் திட்டுவார்கள். பொறுத்துப் பார்த்த மனிதர் ஒருநாள் பந்தயம் வைத்தார். அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நான் நாடகம் போட வேண்டும். சனம் கடைசிவரை உட்கார்ந்திருந்தால் அவர் இனி வாயே திறக்கமாட்டார். நடுவில் எழுந்துவிட்டால், அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து நாடகத்தை நான் தலைமுழுக வேண்டும். வீம்புக்குச் சரி என்றேன். நாடகம் போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

எடுத்ததோ ஜப்பான் கதை. காட்டில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். திருடன், செத்தவனின் மனைவி, செத்தவனின் ஆவி, மூன்று பேரும் ஆளுக்கொரு விதமாகச் சாட்சி சொல்கிறார்கள். மூங்கில் காட்டை உடைமரக் காடாக்கினேன். திருடன் என் மச்சினன், மினிபஸ் டிரைவர். மனைவி வேடத்துக்கு எவளும் வராததால் என் மனைவியே வந்தாள். பிணமும் ஆவியும் நான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பித்தோம். திருடன், நான்தான் கொன்றேன் என்றான். சனம் அசையாமல் பார்த்தது. மனைவி, நான்தான் கொன்றேன் என்றாள். முணுமுணுப்பு கிளம்பியது. நான் ஆவியாக வந்து, என்னை நானே குத்திக்கொண்டேன் என்றதும், முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், "செத்தவனுமா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்தவன் புஞ்சையில் ஆடு மேய்ந்தால்கூட என் ஆடு இல்லை என்று சாதிக்கிற ஊர். கொலையை எனக்கு உனக்கு என்று மூன்று பேர் பங்கு கேட்டால் யார் நம்புவார்கள்? ஜப்பான்காரன் கதை எனக்குப் புரிந்த அளவுக்கு என் மாமனார் ஊர் எனக்குப் புரியவில்லை.

மாமனார் எழுந்தார். சூடத்தைக் கொளுத்துங்கள், உண்மை தெரிந்துவிடும் என்றார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லிவிட்டால் அங்கே அதற்குமேல் விசாரணை இல்லை. பொய் சொல்லி அணைத்தால் கண் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பூசாரி தட்டோடு மேடையேறினார். சனமெல்லாம் எழுந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை மொய்த்தது.

சூடத்தைப் பார்த்ததும் மச்சினன் அட்டைக் கத்தியைக் கீழே போட்டான். "நான் யாரையும் கொல்லல. அத்தான்தான் அப்படிச் சொல்லச் சொன்னாவ" என்றான். இது கதைதானய்யா, சும்மா நடிப்பு என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அம்மன் முன்னால் என்ன நடிப்பு என்று பூசாரி என்னை அதட்டினார். மிச்ச நாடகம் அதோடு போயிற்று.

"எல்லாரும் எந்திரிச்சிட்டாவ மாப்பிள" என்றார் மாமனார். கிட்டே வந்து பார்க்கத்தானே எழுந்தார்கள் என்று வாதாடினேன். எழுந்தது எழுந்ததுதான் என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

அணைத்துவிட்டு நாலு மாதம் கழித்து வேறு ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் கையை நீட்டினேன். இனி நாடகம் போடமாட்டேன் என்று சொல்ல வாயையும் திறந்தேன். சத்தம் வரவில்லை. அத்தனை நேரம் சும்மா நடிப்பு என்று கத்தியவனுக்கு அந்த ஒரு வரியை நடிக்க முடியவில்லை. உள்ளங்கை சூட்டில் எரிந்தது, கை இறங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"விடுங்கப்பா. அவிய கை எறங்காது" என்றாள் என் மனைவி, வேடத்தைக்கூடக் கலைக்காமல்.

சூடம் தானாக எரிந்து அணையும்வரை மாமனார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அடுத்த கொடைக்கு ஒருத்தன் மட்டும் கொன்ன கதையாப் பாருங்க மாப்பிள."