பூசணியின் வலி மருந்து

போன கிழமை ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கைக்குழந்தைக்கு ஒரு சிரப் வாங்கினாள். கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டி, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேன் கலந்த மாதிரி ஒரு வாசனை என் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், வாங்க வந்ததை விட்டுவிட்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டேன். தேன் வாசனைக்குப் பயப்படுகிற மனுஷி இந்த மலைநாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, அந்த வாசனை எனக்கு அறிமுகமானது அப்படி.

அப்போது நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவும் குசினியும்தான் எங்கள் வீடு. எங்கள் என்றால் நானும் அக்காவும். அம்மா அப்பா போன பிறகு தேயிலைக் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள் அவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் "இவ படிப்பு முடியட்டும்" என்று சொல்லியே காலத்தைத் தள்ளிவிட்டாள். என் படிப்பு முடிந்தபோது பேச்சும் நின்றுபோயிருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் இருந்தார். மாற்றலாகி ஊருக்குப் போகும்போது, மகள் வளர்த்த கினிப்பன்றியைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ரீச்சர், இதை நீங்கள்தான் பாக்கவேணும். அவ்வளவு தூரம் பஸ்ஸிலை கொண்டுபோனால் செத்துப்போயிடும். பேர் பூசணி." எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னாடி பெருச்சாளி இது? வால் எங்க?"

"வால் இல்லாத சாதி, அக்கா."

"வாலும் இல்ல, வேலையும் இல்ல. நல்ல பொழப்பு."

அப்படிச் சொன்னவள்தான் மறுநாளிலிருந்து மலையை விட்டு இறங்கும்போது ஒரு பை நிறையப் புல் கொண்டுவந்தாள். மருந்தடிக்காத ஓடைக்கரையாகப் பார்த்துப் பிடுங்குவாள். வாசலில் பை சரசரத்தால் போதும், உள்ளே பூசணி "வீக் வீக்" என்று விசிலடிக்கும். "வர்றேன்டி, கத்தாத" என்று இவளும் கத்துவாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

பூசணி வந்த மூன்றாவது வருஷத்து மழைக்காலத்தில் ஒருநாள் பை சரசரத்தது, விசில் வரவில்லை. பூசணி பெட்டியின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மயிர் சிலிர்த்து நின்றது. கண் பாதி மூடியிருந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் பல்லை நறநறவென்று அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அரசாங்க மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண். மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர். ஆனாலும் பூசணியை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தார். வயதாகிவிட்டது, குளிரில் மூட்டு வீங்கியிருக்கிறது, பாதமும் புண்ணாகியிருக்கிறது என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னதை நான் மறக்கவில்லை.

"டீச்சர், இது வலி சொல்ல மாட்டா. சொன்னா பெரிய மிருகம் வந்து தின்னும், அந்தப் பயம். நீங்கதான் பாக்கணும். முதுகு பாருங்க. கண் பாருங்க. சாப்பாடு பாருங்க. கிழமைக்கு ஒருதரம் நிறை பாருங்க. மனுஷ மருந்து மட்டும் குடுக்க வேணாம்."

ஒரு போத்தல் கொடுத்தார். நாய்க்குக் கொடுக்கும் வலி மருந்து, தேன் வாசனை. பூசணியின் நிறைக்குக் கணக்குப் பார்த்து, ஊசியில்லாத சிறிய சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று பேனையால் குறித்துத் தந்தார். முன்பல்லுக்குப் பின்னால், வாயின் ஓரமாக, மெதுவாகக் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் புரையேறிவிடும். சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். மருந்தும் பெட்ரோலும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற காலம் அது. "பத்திரம். இது முடிஞ்சா அடுத்தது எப்போன்னு தெரியாது" என்றார்.

நான்காம் நாள் விசில் திரும்பி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொப்பி ஒன்றில் கோடு போட்டு நிறை, சாப்பாடு, முதுகு என்று தினமும் எழுதினேன். நிறை பார்க்கத் தோட்டத்துக் கடைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். பிள்ளைகள் எனக்குப் "பன்னி டீச்சர்" என்று பேர் வைத்தார்கள். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு மாதம் போயிருக்கும். பூசணி மறுபடியும் மூலைக்குப் போனது. நேரம் தவறாமல் மருந்து கொடுத்தேன், கோடு தவறவில்லை, ஆனாலும் பல் அரைக்கும் சத்தம் நிற்கவில்லை. மூட்டு வருத்தம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். போத்தலைத் தூக்கிப் பார்த்தால் நிறைய மிச்சமிருந்தது. ஆனால் மருந்து நீர்த்திருந்தது. முன்பு பால் மாதிரி கெட்டியாக இருந்தது இப்போது கழுவிய தண்ணீர் மாதிரி ஓடியது. தேன் வாசனையும் லேசாகத்தான் வந்தது. பழையதாகிவிட்டது போல என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் அக்கா சோற்றைப் பிசைந்து பிசைந்து பாதியை வைத்துவிடுவாள். "மழையில நின்னது, பசி இல்ல" என்பாள். வேலை விட்டு வந்ததும் குசினி வாசலில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு குந்தியிருப்பாள். நான் அவளைத் தாண்டிப் போய்த்தான் பூசணியின் முதுகைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

ஒரு சனிக்கிழமை காலை. குளிக்கப் போனவள் சவர்க்காரம் மறந்து திரும்பி வந்தேன். குசினியில் அக்கா போத்தலின் மூடியில் மருந்தை ஊற்றி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். குடித்த அளவுக்குப் போத்தலில் தண்ணீர் ஊற்றினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"அக்கா! அது என்னான்னு தெரியுமா?"

"வலி மருந்துதானே? தோட்டத்து டிஸ்பென்சரில ஒரு குளிசை இல்ல. ரெண்டு மாசமா வயிறு குத்துது, நெருப்ப முழுங்கின மாதிரி. இத குடிச்சா கொஞ்சம் வேலைக்கு நிக்கலாம் போல இருக்கு." பிறகு குரலை இறக்கி, "பூசணிக்குக் கொறஞ்சிருமோன்னுதான் தண்ணி ஊத்தினேன்" என்றாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ இஸ்கூல விட்டுட்டு என்னைய தூக்கிக்கிட்டு வரிசையில நிப்ப."

மத்தியானம் அவள் வாந்தி எடுத்தாள். பேசினுக்குள் ஈரத் தேயிலைத் தூள் மாதிரி கறுப்பாகக் கிடந்தது. அக்கா அதையே உற்றுப் பார்த்தாள். "தேத்தண்ணி கூட குடிக்கலையே" என்றாள். அப்படியே சுவரோடு சரிந்துவிட்டாள்.

ஆட்டோவுக்கு எண்ணெய் இல்லை. கொழுந்து ஏற்ற வந்த லொறியை மறித்தோம். டிரைவர் அண்ணன் மூட்டைகளை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டார். "கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், ஏத்துங்க" என்றார். கொழுந்து வாசனைக்கு நடுவில், என் மடியில் அக்காவின் தலை. ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

வயிற்றில் புண், ரத்தம் கசிகிறது என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். இந்த மாதிரி வலி மருந்தை வெறும் வயிற்றில் குடித்தது புண்ணைத் திறந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் குடித்திருந்தால் கொண்டுவந்தும் பயனில்லை என்றார். லொறி டிரைவரும் எங்கள் பள்ளிக்கூடத்து சேர் ஒருவரும் ரத்தம் கொடுத்தார்கள். பதினோரு நாள் கழித்து அக்கா எலும்பும் தோலுமாக வீடு வந்தாள். வந்ததும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒன் மருந்த நான் தின்னுட்டேன்டி" என்று பூசணியிடம் சொல்லி அழுதாள். எனக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மிருக வைத்தியர் எங்கிருந்தோ பாதிப் போத்தல் தேடித் தந்தார். இந்த முறை அது அலுமாரியில், பூட்டுக்குள். பூசணி அடுத்த மழை வரை இருந்தது. ஒரு பகல் நேரம், அக்காவின் பாதத்தில் தலையை வைத்தபடி அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அக்காவால் கொழுந்து பறிக்க மலை ஏற முடியவில்லை. "சமையல் வேலைன்னா நின்ன எடத்துல செய்யலாம்" என்று குவைத்துக்குப் போய்விட்டாள். நான் எவ்வளவோ தடுத்தேன். காம்பராவைப் பூட்டிவிட்டு நான் ஹட்டனுக்கு வந்தேன். போன வருஷம் போய்ப் பார்த்தபோது கூரைத் தகரத்தைக் கழற்றியிருந்தார்கள். குசினி வாசற்படியில் புல் முளைத்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா போனில் பேசுவாள். முகம் காட்டிப் பேச அவள் வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் விடுவதில்லையாம். "வயிறு எப்படிக்கா?" என்று கேட்பேன். "எனக்கென்னடி, நல்லா இருக்கேன்" என்பாள். குரலில் ஒரு குறையும் இருக்காது. அவள் குரலில் என்றைக்குமே வலி தெரிந்ததில்லை. முதுகைத்தான் பார்க்க வேண்டும். அந்த முதுகை நான் பார்த்து இரண்டு வருஷமாகிறது.