காஸ்டிக் போட்டால் ஆறா?

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தின் ஓரமாக நின்றுகொண்டு எஸ்தர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

தப்பாகப் படிக்கவில்லை. அவர்தான் எனக்கு! வேலை கை நழுவிப் போனது அவருக்கு. நழுவவிட்டது நான். ஆறுதலும் எனக்கே! இதைவிட வெட்கக்கேடு உண்டா, சொல்லுங்கள்.

எஸ்தர் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுசேரியில் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தை எட்டு வருடமாகப் பராமரிப்பவர். திருப்போரூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து விடிந்ததும் பஸ் பிடித்து வருவார். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். இவர் பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப். அதற்கு மேல் படிக்க வசதியில்லை.

குளத்தில் குளோரின் மாத்திரை போடப் போட, தண்ணீரில் அமிலத்தன்மை ஏறும். அதைச் சரிக்கட்ட அளவாக காஸ்டிக் சோடா கரைத்து ஊற்ற வேண்டும். தினமும் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, ஐந்து சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார். மஞ்சள் என்றால் அமிலம். சிவப்பு என்றால் காரம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் குழந்தைகள் குதிக்கலாம்.

நான் எம்.எஸ்.ஸி. கெமிஸ்ட்ரி. படித்தது கெமிஸ்ட்ரி, பிழைத்தது சாஃப்ட்வேர். இருந்தாலும் எங்கள் அசோசியேஷனில் தண்ணீர் பற்றி எது வந்தாலும் 'சாரைக் கேளுங்க' என்பார்கள். எனக்கும் அது பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும்.

மாமல்லபுரம் போகிற வழியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் தண்ணீர் பரிசோதனை உதவியாளர் வேலை காலியாக இருந்தது. நிரந்தர வேலை. எஸ்தருக்கு நேர்காணல் கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை, செங்கல்பட்டில்.

"இதான் சார் கடைசி. அடுத்த வருசம் வயசு தாண்டிடும். இங்க காண்ட்ராக்ட்டு எப்போ மாறும், யார தூக்குவான்னே தெரில. பி.எச். கணக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்" என்றார்.

சொல்லித் தந்தேன். குளத்தங்கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு!

பி.எச். அளவு பதினாலு வரை. சுத்தமான தண்ணீருக்கு ஏழு. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். காஸ்டிக் மாதிரி வலுவான காரம் தண்ணீரில் முழுசாகப் பிரிந்துவிடும். அதனால் கணக்கு சுலபம். லிட்டருக்கு நூறில் ஒரு பங்கு மோல் போட்டால், நூறுக்கு இரண்டு சைபர். பதினாலில் இரண்டு போனால் பன்னிரண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கா? மூன்று சைபர், பதினொன்று. எஸ்தர் டக் டக்கென்று பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு காஸ்டிக். எட்டு சைபர்.

"பதினாலில் எட்டு போனா ஆறு. அவ்ளோதான்!" என்றேன்.

எஸ்தர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டே யோசித்தார்.

"ஆறுன்னா மஞ்சளா ஆவும் சார். காஸ்டிக் ஊத்துனா தண்ணி ஒரு நாளும் மஞ்சளாவாதே? எவ்ளோ கம்மியா ஊத்துனாலும் சேப்பு பக்கமாத்தானே சார் போவும்?"

எட்டு வருடம் கண்ணால் பார்த்தவரின் கேள்வி. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு யோசித்திருக்க வேண்டும்.

"இங்க பாரும்மா... அது பூல், இது கணக்கு. ஃபார்முலா பொய் சொல்லாது" என்றேன்.

எஸ்தர் தலையாட்டிவிட்டு 'ஆறு' என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே இதை ஒரு வேடிக்கையாக மனைவியிடம் சொன்னேன். "குளத்துல மருந்து ஊத்துறவங்க எனக்கே கெமிஸ்ட்ரி சொல்லித் தராங்க, பாரேன்!"

அவள் படித்தது காமர்ஸ். சிரிக்கவில்லை. "அவ கேட்டது சரிதானே? காஸ்டிக் போட்டா எப்படிங்க ஆசிட் ஆகும்?"

சுருக்கென்றது. பரணிலிருந்து பழைய புத்தகத்தை இறக்கிப் புரட்டினேன். இருந்தது... கட்டம் கட்டி, 'மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை' என்று தலைப்புப் போட்டே இருந்தது. தண்ணீர் சும்மா இருப்பதில்லை. அதற்குள்ளேயே கோடியில் ஒரு பங்கு காரத் துகள்கள் எப்போதும் உண்டு. நிறையக் காஸ்டிக் போடும்போது அந்தத் துளியைக் கணக்கில் விட்டுவிடலாம். நாம் போடுவது அதைவிடக் குறைவு என்றால் விடக்கூடாது. சேர்த்துப் போட்டால் விடை ஏழும் கொஞ்சமும். 7.02. ஏழுக்கு ஒரு மயிரிழை மேலே.

எஸ்தர் சொன்ன அதே சிவப்புப் பக்கம்!

"போன் பண்ணிச் சொல்லிடுங்க, நாளைக்குத்தானே இன்டர்வியூ?" என்றாள் மனைவி.

"பண்றேன்" என்றேன்.

போனை எடுத்தேன். எஸ்தரின் எண்ணையும் எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது? 'நீ சொன்னதுதான் சரி' என்று எப்படிச் சொல்வது? அசோசியேஷன் முழுக்கப் பரவாதா? 'சின்னத் திருத்தம்' என்று மெசேஜ் அடித்தேன். அழித்தேன். எத்தனையோ கேள்வி இருக்க, இதையா கேட்டுவிடப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் 'ஆல் தி பெஸ்ட்' என்று ஒரு ரோஜாப்பூவோடு அனுப்பிவைத்தேன்.

இதையேதான் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை எஸ்தரே வந்து சொன்னார்.

"மூணு பேரு ஒக்காந்துகினு இருந்தாங்க சார். மீதி எல்லாம் நல்லாத்தான் சொன்னேன். துளியூண்டு காஸ்டிக் போட்டா எவ்ளோன்னு கேட்டாரு நடுவுல கீறவரு. ஆறுன்னேன். சிரிச்சிட்டாங்க. 'காஸ்டிக் போட்டா ஆறா? எட்டு வருசமா பூல்ல இன்னாத்தம்மா பாத்த?'ன்னு கேட்டாரு. என் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்ட திருப்பித் திருப்பிப் பாத்தாரு சார்... பொய் சர்ட்டிபிகேட்டுன்னே நெனச்சிட்டாங்க போல. வேற ஆள எடுத்துட்டாங்க."

"உனக்குத்தான் அது தப்புன்னு தோணிச்சே... ஏம்மா ஆறுன்னு சொன்ன?"

"நான் வெறும் பன்னெண்டாவது. நீங்க எம்.எஸ்.ஸி. இல்லையா சார்?"

என் முகம் எப்படி ஆனதோ, அதைப் பார்த்துத்தான் அந்த ஆறுதல். "நீங்க இன்னாத்துக்கு சார் பேஜாராவுறீங்க? உங்களுக்கே தெரியாதத கேட்டா நாம இன்னா பண்றது? வுடுங்க சார்."

உங்களுக்கே தெரியாதது! அப்போதாவது சொன்னேனா? இல்லை. "ம்..." என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெரியாமல் தவறு செய்வது மனித இயல்பு, அதற்கெல்லாம் நாண்டுகொள்ள முடியாது. ஆனால் தெரிந்த பிறகு ஒரு ராத்திரி முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதற்கு என்ன பெயர்? படித்தவன் செய்தால் அதற்கு 'தயக்கம்' என்று கௌரவமாக ஒரு பெயர் வைத்துக்கொள்வான். நானும் மூன்று நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளத்துக்குப் போனேன். இந்த முறை உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். போனைக் கையில் எடுத்ததையும் கீழே வைத்ததையும் சொன்னேன். ஆலைக்குக் கடிதம் எழுதுகிறேன், அந்த விடை என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

எஸ்தர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படவில்லை. குழாயில் எடுத்த தண்ணீரை அப்படியே குளத்தில் திருப்பி ஊற்றினார்.

"ஒரு போனுதானே சார்..." என்றார்.

இப்போதும் 'சார்'தான். அந்த 'சார்' போய்விடக் கூடாதென்றுதான் நான் போன் செய்யவில்லை.