கண்டதைக் காட்டுகிறவள்

எங்கள் தொழிலில் 'கண்டுபிடிப்பு' என்றால், பக்கத்து அடுக்குமாடி புளோக்காரர் காலங்காலமாகச் சாப்பிட்டுவருவதை நாம் போன வாரம் போய்ப் படமெடுத்து, "யாருக்கும் தெரியாத இடம்!" என்று இணையத்தில் போடுவது. கப்பல் கம்பெனி வேலையை விட்டபிறகு எனக்கு இதுதான் பிழைப்பு. சாப்பாடு, உடை, மரம், பறவை என்று சிங்கப்பூரில் புதிதாகக் கண்ணில் படுவதைத் தமிழில் பேசிக் காணொளியாகப் போடுகிறேன். வீட்டில் இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு, பசியோடு காத்திருந்து பழகிய வாசகர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ஆறிப்போன மீ கோரெங்

என் கணவர் சேகருக்கு எதையும் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். என்னைக் கட்டிக்கொண்டது அவர் விதி. தேக்காவில் ஒரு கடையில் மீ கோரெங், அதாவது காரமாக வறுத்த நூடுல்ஸ், வந்ததும் நான் நாற்காலிமேல் ஏறி நின்று மேலிருந்து எடுத்தேன். பிறகு அவரை முள்கரண்டியால் மீயைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை. பின்னால் யாரோ குறுக்கே போனார், இன்னொரு தடவை. தூக்கிய கையோடு அவர் சிலைமாதிரி உட்கார்ந்திருந்தார்.

கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் எழுந்து வந்து, அவர் காதருகே குனிந்து கேட்டார்: "அண்ணே, இது அவங்களுக்குப் படம் எடுக்க. உங்களுக்குச் சாப்பிட ஒண்ணு போடவா?"

கடுகு மஞ்சள் சேலை

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் நெரியும். அந்தக் கூட்டத்தில், கடுகு மஞ்சள் கைத்தறிச் சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு நான் நடந்தேன்; அதுதான் அன்றைய ஃபேஷன் காணொளி. ஓர் இளைஞர் ஓடிவந்து வழிமறித்தார். பெயர் முருகேசன், புதுக்கோட்டைப் பக்கம், இங்கே கட்டுமான வேலை. அவர் மனைவி ஊரிலிருந்து என் காணொளிகளைப் பார்ப்பவராம். போன வாரம் வேறொரு காணொளியில் இதே சேலையில் என்னைப் பார்த்துவிட்டு, "அதேதான் வேணும்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை.

"அக்கா, ஒரே நிமிஷம், அவகிட்ட பேசுறீங்களா?" என்று வீடியோ காலைப் போட்டுக் கொடுத்தார். திரையில் ஒரு சின்ன முகம், அடுப்படி வெளிச்சத்தில். நான் முந்தானையை விரித்துக் காட்டினேன், நடைபாதையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். எந்தக் கடையில் வாங்கியது என்றும் சொன்னேன். அந்தப் பெண் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சேல கெடக்கட்டும்க்கா. போன அவரு பக்கம் திருப்பி, முழுசாக் காட்டுங்க. அவரா பேசுனா மூஞ்சிய மட்டும்தான் காட்டுவாரு, மெலிஞ்சிருக்காரான்னே தெரியல."

பிடோக்கில் ஒரு ஆப்பக் கடை

பிடோக்கில் ஓர் உணவங்காடி மூலையில் மல்லிகா அக்காவும் அவர் கணவரும் ஆப்பம் சுடுகிறார்கள். தேங்காய்த் துருவலும் ஆரஞ்சு நிறச் சீனியும் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஓரம் முறுகல், நடுவே பஞ்சு. நான் போட்ட காணொளி எனக்கே நம்பமுடியாத அளவுக்கு ஓடியது. அதைப் பார்த்துத்தான் ஒரு பெரிய நிறுவனம் என்னோடு விளம்பர ஒப்பந்தம் பேச வந்தது.

அடுத்த வாரம் போனால், வரிசை மாடிப்படி வரை நின்றது. மல்லிகா அக்காவின் கணவர் தோளில் பிளாஸ்திரி. தினமும் காலையில் அங்கே பசியாறும் சீனத் தாத்தா ஒருவர் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே, "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. ஆனா அத நெட்லேர்ந்து எடுத்திடுங்கமா. அவரால முடியல" என்றார். எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது, காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். விட மனசே இல்லை. ஆங் மோ கியோவில் இறங்குவதற்கு முன் அழித்துவிட்டேன். ஒப்பந்தம் பேசியவர்கள் அப்புறம் கூப்பிடவில்லை.

கூட்டமும் சில வாரத்தில் வேறு எதையோ தேடிப் போய்விட்டது. கொஞ்சம் தயக்கத்தோடுதான் மறுபடி போனேன். சீனத் தாத்தா வழக்கமான மேசையில் இருந்தார். அக்கா எனக்கு ஒரு தட்டை நீட்டிச் சொன்னார்: "உக்காருங்க, சூடா இருக்கு. அந்தப் போன மட்டும் உள்ள வெச்சிடுங்க."

ஆந்தைக் குஞ்சு

அதற்குப் பிறகு ஒரு காலையில், எங்கள் வட்டாரத்து மரமொன்றில் ஆந்தை ஜோடியையும் பஞ்சுருண்டை மாதிரி ஒரு குஞ்சையும் பார்த்தேன். படமெடுத்தேன், போட்டேன், இடத்தை மட்டும் சொல்லவில்லை. "எங்கன்னு சொல்லாம எதுக்குக் காட்டுறீங்க?" என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் முன்பின் தெரியாத பெண்ணொருத்தியிடமிருந்து தனியாக ஒரு குரல்செய்தி வந்தது. காணொளியில் மரத்துக்குப் பின்னால் ஜன்னல் கம்பில் காயும் மஞ்சள் துண்டைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். போச்சு, கண்டுபிடித்துவிட்டாள், நாளைக்கே பெரிய லென்ஸ்களோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். அவசரமாகக் காணொளியை நீக்கிவிட்டு மீதியைக் கேட்டேன். "அது என் வீட்டு ஜன்னல்தான் அக்கா. குஞ்சு பொரிச்சதிலேர்ந்து பாக்குறேன், நானும் யார்கிட்டயும் மூச்சு விடல லா. அந்தப் பகுதிய மட்டும் வெட்டிட்டுப் போடுங்க, நான் துண்ட உள்ள காயப்போட்டுக்கிறேன்."

இப்போதெல்லாம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பாதி நாள் காட்டுகிறேன், மீதி நாள் காட்டாமல் இருக்கிறேன், வருமானம் முதல் பாதியில்தான் என்கிறேன்.