அடுத்தவர் சப்பாத்தோடு மலையடிவாரத்தில்

ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே காரில் ஒரு மணித்தியாலம் போனால் சுண்ணாம்புக்கல் முகடு ஒன்று வரும். மலை என்று நாங்கள்தான் சொல்கிறோம். உண்மையான மலையைக் கண்டவர்கள் சிரிப்பார்கள். அதன் மேலே ஒரு சிறிய அருவி. குளிர்காலத்தில் முழுதாக உறைந்து நீலநிறத்தில் தொங்கும் என்கிறார்கள். நான் கண்டதில்லை, கேட்டதைத்தான் எழுத முடியும். போன வருடம் நாங்கள் போகவிருந்த கிழமை மழை பெய்து எல்லாம் கரைந்தது. அதற்கு முந்திய வருடம் எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. இந்த வருடம் பார்த்தே தீருவது என்றிருந்தேன்.

எங்கள் நடைக்குழுவில் எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். கட்டடங்களின் படிகளையும் கைப்பிடிகளையும் பரிசோதித்தே உத்தியோகத்தைக் கழித்தவன் என்பதால் பாதுகாப்பு என் பொறுப்பு. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் என்னைச் சட்டம்பியார் என்பார்கள், பழையகாலத்துப் பிரம்பு வாத்தியார் என்ற கணக்கில். என் முதல் விதி: கிளீற்ஸ் இல்லாமல் யாரும் பாதையில் கால்வைக்கக் கூடாது. ரப்பர் வளையத்தைச் சப்பாத்தின்மேல் இழுத்து மாட்டினால், அடியில் இரும்புப் பற்கள் ஐஸைக் கடித்துக்கொள்ளும். போன மாதம் வேறொரு பாதைக்கு அவை இல்லாமல் வந்த யூனியன்வில் நண்பரைக் காரிலேயே இருத்திவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது எல்லோருடைய ரோல்ஸையும் அவர் தின்று முடித்திருந்தார்.

இம்முறை முதல் நாளே ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, கிளீற்ஸ் இருக்கிறதா என்று விசாரித்திருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் என்னுடையதை மாட்டினேன். முன்பக்கம் ஏறியது, குதிக்கு வரவில்லை. பலமாக இழுத்தேன். குளிரில் விறைத்த ரப்பர் பட்டென்று அறுந்தது.

மனைவி குனிந்து பார்த்தார். "இஞ்சேருங்கோ, உது உங்கட சப்பாத்தே?"

அதே கறுப்பு, அதே உயரம். கழற்றி உள்ளே பார்த்தேன். இரண்டு சைஸ் பெரிது.

முதல் நாள் வோபர்னில் உறவினர் வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். மனைவியின் தம்பி உட்பட இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்திருந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன, பாதிப்பேர் ஒரே மலிவு விற்பனையில் வாங்கியவை. புறப்படும்போது கால் கொஞ்சம் தளர்வாகத்தான் நுழைந்தது. மெல்லிய காலுறை என்பதால் என்று நினைத்தேன்.

"என்ன அண்ணை, சாமான் இல்லையோ?" யூனியன்வில் நண்பரின் குரலில் அக்கறை இருந்தது. முகத்தில் இல்லை.

"அறுந்துபோச்சு. நான் மெதுவா ஓரத்தால வாறன்."

"ஓரத்தால வாறதுக்கும் ஒரு விதி இருக்கோ? நான் கேள்விப்படேல்லையே."

"தொடக்கத்தில வெறும் பனிதான். மேலதான் ஐஸ்."

"உதைத்தானே அண்ணை போன மாசம் நானும் சொன்னனான்."

மற்றவர்கள் மரங்களைப் பார்த்தார்கள். மனைவி பார்க்கவில்லை. "நீங்கள் காருக்குள்ள இருங்கோ. முழங்காலை ஒருக்கா வெட்டினது காணும். உங்கட தடியைத் தாங்கோ, என்ரயை விட அதில பிடி நல்லது."

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் பாதை தொடங்கும் இடம்வரை போனேன். ஒரு காலை வைத்துப் பார்த்தேன். அது தன்பாட்டில் முன்னே போனது. அறிவிப்புப் பலகையைக் கட்டிப்பிடித்து நின்றேன். கிளீற்ஸ் அணியும்படி அதில் எழுதியிருந்தது. விதி பிழையென்றால் சண்டை பிடிக்கலாம். சரியான விதியோடு, அதுவும் நானே போட்ட விதியோடு, என்ன செய்வது?

ரோல்ஸ் தின்னலாம் என்று காருக்குத் திரும்பினேன். பெட்டியை நண்பர் மறக்காமல் மேலே கொண்டுபோயிருந்தார்.

போன் அடித்தது. ஒஷாவாவிலிருந்து மனைவியின் தம்பி.

"அத்தான், உங்களுக்கு உதுகள் தெரியும் எண்டு கேக்கிறன். காலமை பனி வழிச்சனான். சப்பாத்து சுருங்கிப்போச்சு, விரல் எல்லாம் நோகுது. ஹீற்றருக்குக் கிட்ட வைச்சா விரியுமோ?"

"கழட்டி, உள்ளுக்குள்ள என்ன சைஸ் போட்டிருக்கு எண்டு பாரும்."

சப்பாத்தை இழுத்துக் கழற்றும் சத்தம் கேட்டது. "ஐயோ, அத்தான்."

எல்லோரும் கன்னம் சிவக்கத் திரும்பி வந்தார்கள். படம் எடுக்கப் போன மனைவியின் போன் குளிரில் அணைந்துவிட்டதாம். மற்றவர்களின் படங்களில் அவரவர் முகம்தான் இருந்தது. அருவி தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கீற்று. நண்பர் கடதாசியில் சுற்றிய ஒரு ரோலை நீட்டினார். "அண்ணைக்கு எண்டு மிச்சம் வைச்சனான்."

கல்லாக உறைந்திருந்தது. வாங்கிக்கொண்டு கேட்டேன்: "நீலமாத்தான் இருந்ததோ?"

அவர் நிதானமாக யோசித்தார்.

"நீலம் எண்டும் சொல்லேலாது அண்ணை. உது நேரில பாக்கவேணும்."