பேயாகிப்போன பெரியப்பா

செமாராங் நகரத்தில் பழைய டச்சு ரயில்வே அலுவலகத்தை ஆயிரம் கதவு மாளிகை என்பார்கள். அங்கே வழிகாட்டியாகச் சேர்ந்த நாளிலிருந்து வார்சினியிடம் வருகிறவர்கள் கேட்பது ஒன்றேதான். பேய் எந்த அறையில்?

கடல் புழுக்கத்துக்குக் காற்றோட வேண்டும் என்றுதான் இத்தனை கதவுகள் வைத்தார்கள் என்று சொல்லுவாள். வண்ணக் கண்ணாடி சன்னலைக் காட்டுவாள். தலையாட்டிக் கேட்டுவிட்டு, தூக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைக்காரி எங்கே என்பார்கள். அப்படி யாரும் இல்லை என்றால் முகம் தொங்கிப்போகும். நைசாக நழுவி குந்தோரோவிடம் போய்விடுவார்கள். அவனும் வழிகாட்டிதான், அவளைவிடப் பத்து வயது இளையவன். நிலவறை வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான் என்றால் ஆம்பளைகளே ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்வார்கள்.

"சனங்க பயப்படத்தானே வர்றாங்க, அக்கா? நீங்க பாடம் நடத்துறீங்க" என்பான்.

வார்சினிக்கு அது பாடம் இல்லை. அவளுடைய பெரியப்பா தார்முஜி இஞ்சின் கொட்டகையில் விளக்கேற்றுகிற வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில், ஜப்பான்காரனோடு ஐந்து நாள் சண்டை மூண்டபோது, இந்தக் கட்டடத்தை விட்டு நகர மாட்டோம் என்று நின்ற ரயில்வே பையன்களில் அவரும் ஒருவர். பின்படியில் இறங்கும்போது நெஞ்சில் குண்டு பாய்ந்தது. அவசரத்தில் முற்றத்திலேயே புதைத்தார்கள். வார்சினியின் அப்பா சாகிறவரைக்கும் இந்தச் சாலையில் போனால் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் போவார். வீட்டுக் கதை என்று அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஆகஸ்ட் மாதம் ஜகார்த்தாவிலிருந்து கேமராவோடு ஓர் இளம் ஜோடி வந்தது. பின்படியில் நின்று, எதையோ பார்த்துத் திடுக்கிட்ட மாதிரி நடிக்க முடியுமா என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பொறுமை போயிற்று.

"இந்தப் படியில செத்தது எங்க பெரியப்பா, தம்பி. அவரை வச்சு நான் கூத்தா கட்டுவேன்?" என்றாள். அந்த வேகத்திலேயே முழுக்கதையையும் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது வார்சினிக்கு. வீட்டுக்குப் போகும்போது புருஷனுக்குப் பிடித்த மூங்கில்குருத்து வைத்துச் சுருட்டிப் பொரித்த லும்பியா வாங்கிக்கொண்டு போனாள்.

வீடியோ வெளிவந்தது. சண்டை, ரயில்வே, அப்பாவின் தொப்பி எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார்கள். பின்படி, ஒரு கருநிழல், நடுங்க வைக்கிற சங்கீதம், நடுவில் "செத்தது எங்க பெரியப்பா" என்கிற அவள் குரல். கீழே 'தலையில்லாத ரயில்காரர்' என்று தலைப்பு. மறுவாரமே கூட்டம் நெரிந்தது. தலையைத் தேடி விளக்கோடு அலைகிறார் என்று குந்தோரோ தன் பங்குக்குச் சேர்த்துவிட்டான். தூரத்திலிருந்து அவளைக் கைகாட்டி, அவர் தம்பி மகள் அதோ நிற்கிறாள் என்று சொல்லவும் ஆரம்பித்தான்.

டீக்கடையில் அவனை மடக்கினாள்.

"அவருக்குத் தலையில்லேன்னு உனக்கு எவன்டா சொன்னது?"

"வீடியோல அப்படித்தானே வந்துச்சு. கோவப்படாதீங்க அக்கா. போன மாசம் வரைக்கும் அவரை யாருக்குத் தெரியும்? இப்ப ஊரே தேடி வருது."

"தேடி வர்றது அவரை இல்லடா" என்றாள். அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் அவளைச் சுட்டது.

மேலாளரிடம் முறையிட்டாள். சாயங்காலத்தில் அவளே ஒரு பேய்ச்சுற்று நடத்தினால் என்ன என்று அவர் கேட்டார். வீடியோவை எடுத்துவிடச் சொல்லி, மகனை விட்டு அந்த ஜோடிக்குச் செய்தி அனுப்பினாள். 'நன்றி ஆன்ட்டி' என்று ஓர் இதயப் படத்தோடு பதில் வந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். விட்டால் அந்தப் படியில் குந்தோரோவின் கதை மட்டுமே மிஞ்சும். அதனால் இன்றும் போகிறாள். தலையோடுதான் இருந்தார் என்றே ஆரம்பிக்கிறாள். பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்கிறார்கள். போன வாரம் சுரபயாவிலிருந்து வந்த ஓர் அம்மா மட்டும் கடைசிவரை அசையாமல் நின்று கேட்டாள். அப்பாவின் தொப்பி வரைக்கும் சொல்லி முடித்தாள் வார்சினி.

அந்த அம்மா கிட்டே வந்து, மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, கனவுலயாவது வருவாரா?"

"வரமாட்டாரும்மா" என்றாள் வார்சினி. சன்னலைக் காட்ட முன்னால் நடந்தாள்.