மெமரியில் பூசிய திருநீறு

பெட்டி தொடங்கும்போது ஒரு நிமிடத்துக்குள் ஒருமுறை 'பீப்' என்று ஒலிக்க வேண்டும். பதினேழு நிமிடமாகியும் ஒலிக்கவில்லை. நீல விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது, நிமிடத்துக்கு அறுபது தடவை. புதிதாகப் போட்ட மெமரியைக் கழற்றிவிட்டுத் தொடக்கினால் ஒலித்தது. மறுபடி செருகினால் ஊமை. அன்று காலை மட்டும் ஒன்பது தடவை கழற்றிப் பூட்டினேன்.

நான்கு வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து வந்த மகள்தான் அந்தப் பெட்டியைக் கொக்குவில் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே இரண்டு வன்தட்டுகள். எங்கள் கைபேசிகளில் எடுத்த படங்கள், பழைய கமராவில் எடுத்தவை எல்லாம் அதில் சேர்ந்துவிடும். அவள் அங்கிருந்தும் பார்க்கலாம், நாங்கள் இங்கிருந்தும் பார்க்கலாம். வைத்த அன்று என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "உதென்ன, பாண் சுடுற பெட்டியோ?" என்று கேட்டாள். பிறகு சாமியறைக்குப் போய்த் திருநீறு குழைத்துவந்து, கறுப்பு மூடியில் மூன்று விரலால் இழுத்துவிட்டாள். சைக்கிள், தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, எது புதிதாக வந்தாலும் அவள் கை பட்ட பிறகுதான் நான் தொடலாம். தூசு தட்டும்போது அந்த மூன்று கோட்டையும் தவிர்த்துத்தான் நான் துடைப்பேன்.

அப்போது அவள் போய்ப் பதினொரு மாதம் ஆகவிருந்தது. செத்தவீட்டு அவசரத்தில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்து வைத்தோம். யாரோ ஏசிவிட்டதுபோல முகத்தை வைத்திருப்பாள் அதில். வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்காவது அவள் சிரிக்கிற படம் ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்கு. பெட்டியில் பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம் படங்கள். என் கண்ணுக்கு ஒரு நாளில் நூற்றைம்பதுக்கு மேல் முடியாது. அப்படிப் பார்த்தால் எழுபத்தாறு நாள் வேண்டும். திவசத்துக்கு முப்பத்தாறு நாள்தான் இருந்தது.

படங்களை முகம் முகமாகப் பிரித்துத் தரும் வசதி பெட்டியிலேயே உண்டு, ஆனால் இருக்கிற மெமரி போதாது, இன்னும் நான்கு ஜிபி போட்டால் ஓடும் என்று மகள் சொன்னாள். யாழ்ப்பாணம் பட்டணத்துக் கடையொன்றில் வாங்கிவந்து, அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செருகினேன். அதற்குப் பிறகுதான் பெட்டி ஊமையானது. மகளை அழைத்தேன்.

"அப்பா, வடிவா அமத்தினனீங்களோ? கிளிக் எண்டு கேட்டதோ?"

"கேட்டது. ஒன்பது தரமும் கேட்டது."

"ஒன்பது தரமோ! மெமரியின்ரை பல்லுத் தேயப்போகுது. விட்டிட்டு வாங்கின கடைக்கே கொண்டுபோங்கோ."

"அம்மாவின்ரை படங்கள் அழிஞ்சு போகுமோ?"

"மெமரிக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை எண்டு எத்தினை தரமப்பா சொல்லுறது?"

அதுவரை நான்கு தரம் சொல்லியிருந்தாள். ஐந்தாவது தரமும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டியை அட்டைப் பெட்டியொன்றில் வைத்து, பஸ்ஸில் மடியில் தாங்கிக்கொண்டு போனேன்.

கடையைப் பார்ப்பவள் நாற்பது வயதுப் பெண். மெமரியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஐயா, இதுக்குள்ளை ஆர் மா இடிச்சது?"

எட்டிப் பார்த்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. "அது திருநீறு, பிள்ளை."

"திருநீறோ? ஆர் பூசினது?"

"நான்தான். புதுச் சாமான் எண்டு..."

"மற்ற ஆக்கள் வாகனத்துக்கு வெளியாலை பூசுவினம். நீங்கள் எஞ்சினுக்குள்ளை பூசியிருக்கிறியள்!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். உயிரோடு இருந்தவரை அது மனைவியின் வேலை, எனக்கு எவ்வளவு தண்ணீர் விட்டுக் குழைப்பதென்று தெரியாது என்று அவளிடம் சொல்லவில்லை. கட்டியாகக் குழைத்திருக்கிறேன். காய்ந்து உதிர்ந்து, மெமரியின் பொன்னிறப் பற்களுக்கிடையே போய் அடைந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு நூற்றிமுப்பது பற்கள். பூசுவதற்கு முன் பூதக்கண்ணாடி வைத்து எண்ணியவன், பூசிய பிறகு பார்க்கவில்லை.

வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள். திரும்பி வந்தபோது பெட்டி 'பீப்' என்றது.

"அழிறப்பராலை தேய்ச்சனான், ஐயா. இனிப் பிரச்சினை இல்லை. மூடியிலையும் பூசி வைச்சிருந்தனீங்கள், லேசிலை போகேல்லை. மருந்து விட்டுத் துடைச்சு எடுத்திட்டன். இப்ப பாருங்கோ, புதுசு மாதிரி."

மூடி கன்னங்கரேலென்று இருந்தது. அவள் நல்லதுக்குச் செய்தவள். "நல்லது, பிள்ளை" என்றேன். பஸ்ஸில் வரும் வழி முழுவதும் அட்டைப் பெட்டியைத் திறக்கவில்லை.

முகம் பிரிக்கப் பெட்டிக்கு மூன்று நாள் பிடித்தது. மனைவியின் முகம் இருநூற்றுப் பன்னிரண்டு. சின்னச் சின்ன வட்டங்களாக வரிசையில் வந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு முழுப்படத்தையும் திறந்தேன். முதலாவதில் வாழைக்குலை. அடுத்ததில் மதிலில் வெள்ளம் ஏறிய அடையாளம். பிறகு கறையான் புற்று, தேங்காய்க் குவியல், மரவள்ளிக் கிழங்கு. நான் முப்பத்தொரு வருடம் நில அளவையாளனாக இருந்தவன். எதைப் படமெடுத்தாலும் பக்கத்தில் ஓர் அளவு நிற்க வேண்டும் எனக்கு. வீட்டில் அந்த அளவு அவள். "இஞ்சேரப்பா, உதுக்குப் பக்கத்திலை ஒருக்கா நில்லும்" என்பேன். அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு வந்து நிற்பாள். இருநூற்றுப் பன்னிரண்டில் அவளுக்கென்று நான் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. குலையையும் புற்றையும் வெட்டி எறிந்துவிட்டு அவளை மட்டும் எடுத்தது அந்தப் பெட்டிதான்.

அநேகமானவற்றில் எப்போது விடுவேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று. பந்தலில் தொங்கும் நீளப் புடலங்காய்க்குப் பக்கத்தில். அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இஞ்சருங்கோ, நானென்ன அளவுத் தடியோ?" என்று கேட்டாள்.

"தடி கதைக்காது" என்றேன்.

அதற்குத்தான் சிரித்திருக்கிறாள். இருநூற்றுப் பதினொரு தரம் 'நில்லும்' என்றதைத் தவிர நான் அவளிடம் ஒன்றும் கதைக்காமல் எடுத்திருக்கிறேன்.

புடலங்காயை விட்டு முகத்தை மட்டும் பெருப்பித்துச் சட்டம் போட்டோம். திவசத்தன்று காலை படத்தின் கண்ணாடியில், அவள் நெற்றிக்கு நேரே, திருநீற்றை மூன்று விரலால் இழுத்தேன். இந்த முறை தண்ணீர் கூடிவிட்டது. கண்வரை வடிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினேன்.

பெட்டியின் மூடியில் நான் ஒன்றும் பூசவில்லை. சாய்த்துப் பிடித்தால் அவள் விரல் போன தடம் எங்காவது தெரியுமா என்று, இன்று காலையும் அதை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.