கிளட்ச் அக்கா பார்க்கப் போன சத்தமில்லாத கார்

இந்த நகரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை. பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர அது வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது தொழில், எல்லோருக்கும் அவள் கிளட்ச் அக்கா. வங்கி மேலாளரோ, கல்லூரிப் பெண்ணோ, கால் நடுங்க முதல் தடவை வண்டியில் ஏறுகிறவர் யாராயிருந்தாலும் அவர்கள் காதில் விழும் முதல் பாடம் ஒன்றுதான்: "கிளட்ச மெதுவா விடு, அது எங்கயும் ஓடிப்போகாது." தூக்கத்தில்கூட இதையே முணுமுணுக்கிறாள் என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஊரெல்லாம் சொல்ல அவருக்கு வசதியும் இருந்தது. அவர் முடிதிருத்துபவர். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. வெட்டுவதற்கு ஒரு முடிகூட மிச்சமில்லாத ஆட்கள் அவர் பேச்சுக்காகவே கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் கடையைச் சாத்தியதும் அவள் பயிற்சிக் காரில் வந்து அவரை ஏற்றிக்கொள்வாள். வீட்டில் மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், நாள் முழுக்க அலறும் தொலைக்காட்சி. புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இரண்டு வார்த்தை பேசவேண்டுமென்றால் குளியலறைக்குள்தான் போகவேண்டும். ஆகவே அந்தப் பழைய டீசல் கார்தான் அவர்களுக்கு அறை, கூடம் எல்லாம். அன்றைக்கு வந்த தலைகள் ஒவ்வொன்றின் கதையும் அங்கேதான் அரங்கேறும். அவள் சிரித்துச் சிரித்து, பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் பின்னால் வருகிறவர்களிடம் ஹாரன் வாங்கியிருக்கிறாள். மற்றவர்களை அதற்காகத் திட்டுகிறவளும் அவளேதான்.

பிறகு அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், ஆள் பிழைத்தார், ஆனால் குரல் போய்விட்டது. மிஞ்சியது ஒரு கிசுகிசுப்பு மட்டும். அதையும் உயர்த்தக்கூடாது, உயர்த்தினால் இருப்பதும் போய்விடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடையில் அது ஒருவழியாகச் சமாளித்துப்போனது. முடி வெட்டுகிறவர் காதுப் பக்கம்தானே நிற்கிறார். டீசல் காரில்தான் கதை கந்தலாகிவிட்டது. அது ஊரைக் கூட்டுகிற என்ஜின். அவர் ஏதோ சொல்வார், இவள் "என்ன?" என்பாள். திரும்பச் சொல்வார், மறுபடியும் "என்ன?" மூன்றாவது தடவை தொண்டையை இழுத்துப் பிடித்துச் சொல்லப்போய் இருமல் வந்து கண் கலங்கும். கடைசியில் கையை வீசி, 'ஒண்ணுமில்ல' என்று காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கொஞ்ச நாளில் எடுத்த எடுப்பிலேயே அந்தக் கைவீச்சு வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வீட்டில் அவள் காதருகே வந்து மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்வார். மாத்திரை தீர்ந்ததைக் காதில் சொல்லலாம், ஒருத்தர் மீசையைப் பற்றிய கதையை அப்படிச் சொல்ல முடியுமா? அந்தப் பாழாய்ப்போன 'என்ன'வைச் சொன்ன தன் வாயை அவள் எத்தனையோ தடவை சபித்துக்கொண்டாள்.

அவளிடம் படித்த ஒரு பெண் மின்சாரக் கார் வாங்கியிருந்தாள். பேச்சுவாக்கில், வண்டி ஓடுவதே தெரியவில்லை அக்கா, ஒரு சத்தமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். கிளட்ச் அக்காவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. புதிது வாங்க வழியில்லை. பழையது, சின்னது, ஊருக்குள் ஓட்ட ஒன்று கிடைத்தால் போதும் என்று தேடத் தொடங்கினாள். பாட்டரி போனால் பெட்டிக்கடை வரைகூடப் போகாது என்று மருமகன் பயமுறுத்தினார். பாடம் நடத்த டீசல் கார் அப்படியே இருக்கும், இது எங்கள் இரண்டு பேருக்கு என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாள். எதற்கு என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும்தான்.

அவரையும் கூட்டிக்கொண்டு அவள் போன பழைய கார் விற்கிற கடையில் வெளிர்நீலக் கார் ஒன்று நின்றது. பல் மருத்துவர் ஒருவர் வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக ஓட்டியதாம். பின்பக்கம் ஒரு கீறல், மற்றபடி பார்வைக்குக் குறையில்லை. கடைக்காரர் மூச்சு விடாமல் விவரித்தார். பாட்டரிக்கு வயசாகிவிட்டது, முழுக்க ஏற்றினாலும் முன்போல் தூரம் போகாது, வெளியூர் நினைப்பே வேண்டாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நல்ல மனுஷன். தன் உலகமே இந்தச் சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். ராத்திரி வீட்டில் சார்ஜரைச் செருகிவைத்தால் காலையில் தயார் என்றார் அவர். அதுவும் அவளுக்கு வேண்டாத விவரம்தான்.

ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் அவள் நேராகப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "ம், எடுங்க" என்றாள். எதிரே ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆயுள் முழுக்க உட்கார்ந்த இடம் அதுதானே. இடம் மாறி உட்கார்ந்தாள். கணவர் பக்கத்தில், கடைக்காரர் பின்னால். கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். குளிர்காற்று அவர் தொண்டைக்கு ஆகாது என்பதால் ஏசி போடவில்லை. பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டீர்கள் என்றார் கடைக்காரர்.

வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்று கண்தான் சொன்னது, காதுக்குச் சேதியே வரவில்லை. கடையின் சுவர் தானாகப் பின்னால் போனது. கிளட்ச் அக்கா அசந்துபோனாள். இத்தனை காலம் சக்கரத்தோடு வாழ்ந்தவள், ஒரு தெருவைச் சத்தமில்லாமல் பார்த்ததே இல்லை. சருகு ஒன்று டயரின் கீழ் நொறுங்குவது கேட்டது. பக்கத்தில் போன சைக்கிளின் சங்கிலி கேட்டது. தன் மூச்சு தனக்கே கேட்டது. அடேயப்பா, இந்த உலகத்துக்குள் இவ்வளவு அமைதியை யார் எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்று அவளுக்குப் புல்லரித்தது. கைகூப்பத் தோன்றியது, ஸ்டியரிங் இருந்ததால் விட்டுவிட்டாள்.

ஆனால் கணவர் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தெரு போனது, இன்னொரு தெருவும் போனது. சத்தம் போய்விட்டது, சரி. பேச்சும் சேர்ந்தே போய்விட்டிருந்தால்? பேசுகிற வழக்கமே விட்டுப்போன மனுஷனுக்கு எந்தக் கார் வாங்கி என்ன? கேட்கவும் பயம். வாயைத் திறந்தால் அந்த 'என்ன' வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

இந்தக் கவலையில் சிக்னல் சிவப்பானதைத் தாமதமாகத்தான் பார்த்தாள். பழக்க தோஷம், இடது கால் கிளட்சைத் தேடிப் போய் ஓங்கி மிதித்தது. கிளட்ச் எங்கே இருக்கிறது அதில்? இருந்தது அகலமான பிரேக்தான். கார் முகத்தில் அறைந்ததுபோல நின்றது. கடைக்காரர் அவள் இருக்கையில் வந்து முட்டிக்கொண்டார்.

வண்டிக்குள் ஒரு சின்னக் காற்றுபோல, கணவர் பக்கமிருந்து வந்தது:

"கிளட்ச மெதுவா விடுங்க டீச்சர்."

எழுத்துக்கு எழுத்து கேட்டது. அவர் கை பாதி எழும்பிவிட்டது. 'என்ன?' என்று இவள் கேட்பாள், 'ஒண்ணுமில்ல' என்று வீசிவிடலாம் என்று அது தயாராக நின்றது.

"அது எங்கயும் ஓடிப்போகாதுன்னு எனக்கும் தெரியும்," என்றாள் அவள்.

அவர் அவளையே பார்த்தார். அவளுக்குக் கேட்டிருக்கிறது என்பது அவர் முகத்தில் மெல்ல மெல்ல விளங்கியது. எழும்பிய கை இறங்கி மடியில் உட்கார்ந்தது. பச்சை விழுந்தது. அவள் வலது காலால் மட்டும், புதிதாகக் கற்றுக்கொள்கிறவளைப்போல வண்டியை எடுத்தாள்.

"நம்ம மீசைக்காரர் இருக்காரே," என்று அவர் ஆரம்பித்தார். "போன மழைக்கு முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன்." மீசைக்காரர் பெண் பார்க்கப் போகிற அவசரத்தில் வீட்டிலேயே மீசைக்கு மை அடித்துக்கொண்டாராம். அது காயாமலே முகத்தைத் துடைத்துவிட்டாராம். கதை வளைவுகளில் திரும்பியது, சந்துகளில் புகுந்தது. இடையிடையே அவர் இளைப்பாறினார். தொண்டையை இழுக்கவில்லை, இருமல் வரவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து ரோடு மங்கியது.

கடை வந்தது. கதை முடியவில்லை. அவள் கடை வாசலைத் தாண்டி நேராகப் போனாள்.

கடைக்காரர் பின்னாலிருந்து தலையை நீட்டினார். கடை தாண்டிவிட்டது என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தாள்.

"அப்புறம் அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்று அவர் கேட்டார்.